பூவிழி கண்டுபிடித்த ஈயம்

மாணவர் விடுதி, ஆய்வுக்கூட வளாகம்
6 மே 2025

அன்புள்ள செல்வி அக்காவுக்கு,

கோடை அறிவியல் முகாமுக்கு நலமாக வந்து சேர்ந்தேன். வாசலிலேயே போனை வாங்கிக்கொண்டார்கள். ஆறு வாரமும் கடிதம்தான். எதில் என்ன உலோகம் கலந்திருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ரே இயந்திரம் இங்கே இருக்கிறது, அது நம் பஸ் ஸ்டாண்டைவிடப் பெரியது. ப்ளஸ் ஒன் முடித்த எங்களையே இயக்க விடுகிறார்கள்! கிளம்பும்போது நீ கட்டிக் கொடுத்த நெத்திலிக் கருவாட்டை நேற்று அதில் வைத்துப் பார்த்தேன். ஈயம் இருக்கிறது அக்கா, அளவுக்கு மேல். முகாமை நடத்தும் கோபிநாத் சார் எழுந்து வந்து கை கொடுத்தார். பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

உன் பூவிழி


வைத்திக்குப்பம்
14 மே

அன்புள்ள பூவிழிக்கு,

உன் படம் பேப்பரில் வந்தது. வைத்திக்குப்பம் கருவாட்டில் ஈயம் என்று ஊர்ப் பெயரோடு போட்டிருக்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் நமக்குக் கருவாடுதானே சோறு? அஞ்சு நாளாக அம்மா கூடையை அப்படியே திருப்பிக்கொண்டு வருகிறாள். "உன் பொண்ணே சொல்லிடுச்சே, இன்னும் எதுக்கு விக்கற?" என்று பக்கத்தில் கூடை வைக்கும் அஞ்சலாட்சி கடைவரிசையில் வைத்துக் கேட்டாளாம்.

தப்பு என்னுடையது. அப்பா வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு கிடந்த டப்பாவில்தான் அந்தக் கருவாட்டை ஒரு வாரம் போட்டு வைத்திருந்தேன். துடைத்துத்தான் போட்டேன். தூள் ஒட்டியிருக்கும் என்று தோன்றவில்லை. சுத்தமான பையில் வேறு கருவாடு அனுப்பியிருக்கிறேன். இன்றே உங்கள் சாரிடம் சொல்லிவிடு கண்ணு.

செல்வி


20 மே

அக்கா,

புதுக் கருவாட்டைத் தனியாக வைத்துப் பார்த்தேன். ஈயம் இல்லை.

சாரிடம் சொல்லவில்லை. இரண்டு தடவை அவர் அறை வரை போனேன். நாற்பது பேரில் மூன்று பேரைப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்புவார்கள். இந்த ஈயத்தால்தான் என் பெயர் முதலில் இருக்கிறது. ஜூன் பத்தாம் தேதி அறிவிக்கிறார்கள். அதுவரை பொறுத்துக்கொள். டப்பாவைப் பற்றி வெளியே பேசாதே. பேசினால் ஊர் உன்னைத்தான் கேட்கும்.

பூவிழி


வைத்திக்குப்பம்
27 மே

பூவிழிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே அம்மாவிடம் டப்பாவைப் பற்றிச் சொல்லியிருந்தேன். நம்பவில்லை. "அம்மாம் பெரிய மிஷினு பொய் சொல்லுமா? தப்பா இருந்தா பூவிழி சொல்லியிருக்காதா? நீ என்னாத்தப் படிச்ச?" என்று என்னைத்தான் திட்டினாள். காயவைத்திருந்த கருவாட்டையெல்லாம் குழி தோண்டிப் புதைத்தாள்.

பக்கத்து வீட்டுக் கமலவேணியின் குழந்தை போன வருஷம் வலிப்பு வந்து செத்துப்போனதே. ஈயம் உள்ளே போனால் குழந்தைகளுக்கு வலிப்பு வரும் என்று யாரோ சொல்ல, தன் கையால் கொடுத்த கருவாடுதான் அதைக் கொன்றது என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். போய்க் கமலவேணியின் காலில் விழுந்தாள். கமலவேணி துடைப்பத்தை எடுத்து வாசலிலேயே வைத்து அடித்தாள். அம்மா கையைக்கூடத் தூக்கவில்லை.

மறுநாள் உன் கடிதம் வந்தது. முகம் வீங்கிப் படுத்திருந்தவளுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். "பத்தாந்தேதி வரைக்கும் யாராண்டயும் சொல்லாதடி. கமலவேணியாண்டயும்தான்" என்றாள்.

நான் சொல்லமாட்டேன். நீயும் இனிமேல் எனக்கு எழுதவேண்டாம்.

செந்தமிழ்ச்செல்வி