யாருடைய பால் என்று கேட்கக் கூடாது

அன்பு மகன் இர்பானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். பாலக்காட்டிலிருந்து உன் அத்தா எழுதுகிறேன். அல்லாஹ்வின் கிருபையால் வீட்டில் எல்லோரும் சுகம், என் முட்டிவலி மட்டும் அது பாட்டுக்கு இருக்கிறது. தோஹாவில் உன் உடம்பும் வேலையும் நல்லபடியாக இருக்க துஆ செய்துகொண்டே இருக்கிறோம். உன் மகள் ஒன்றரைக் கிலோவைத் தொட்டுவிட்டாள். அதை முதலில் படித்துக்கொள், மீதியைப் பதறாமல் படிக்கலாம். போனில் பேசும்போது உன் அம்மா பக்கத்தில் நின்று கையைக் கிள்ளிக்கொண்டே இருப்பதால் இங்கே நடந்த கூத்தை உன்னிடம் சொல்ல முடியவில்லை. இப்போதும் சர்க்கரை மண்டிக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

சுஹைனாவுக்குப் பிரஷர் ஏறி ஏழாம் மாதமே ஆபரேஷன் செய்தது உனக்குத் தெரியும். அதற்கப்புறம் அவளுக்குப் பால் சுரக்கவே இல்லை, பாவம், தன்மேல்தான் தப்பு என்பதுபோல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பிள்ளையோ கண்ணாடிப் பெட்டிக்குள், என் முழங்கை நீளம்கூட இல்லை, மூக்கில் குழாய். இந்தக் குடலுக்குப் பவுடர் பால் ஆகாது, தாய்ப்பால் வங்கியிலிருந்து கொடுக்கிறோம், சம்மதமா என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் உன் அம்மா அது யாரோட பாலுங்க என்று கேட்டுவிட்டாள். நம்மில் ஒருத்தியிடம் பால் குடித்த பிள்ளைகள் கூடப்பிறந்தவர்கள் மாதிரி, அவர்களுக்குள் நிக்காஹ் கூடாது என்பது உனக்குத் தெரியும், டாக்டருக்கு நான்தான் விளக்க வேண்டியிருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வங்கியைப் பார்த்துக்கொள்ளும் செபாஸ்டினிடம் எங்களை அனுப்பினார்.

செபாஸ்டின் தங்கமான ஆள். கொடுக்கிற பெண்ணின் ரத்தத்தைப் பரிசோதிக்கிறோம், பாலைச் சூடுபண்ணிக் கிருமி பார்க்கிறோம், உறைய வைக்கிறோம், யாரும் விற்கவும் கூடாது வாங்கவும் கூடாது, பேர் மட்டும் சொல்லக் கூடாது மொய்து இக்கா, அது நியமம் என்றான். பாட்டிலில் நம்பர் இருக்கிறது, தேதி இருக்கிறது, பேர் இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. போன வருஷம் தயாரித்தவர் பேர் இல்லை என்று என் கடையிலிருந்த நேந்திரங்காய் சிப்ஸை மூட்டையோடு எடுத்துப் போனதும் சர்க்கார்தானே, சிப்ஸுக்கு ஒரு நியாயம் பாலுக்கு ஒரு நியாயமா என்று கேட்டேன். சிப்ஸ் பாக்கெட்டுக்கு மானம் போகாது இக்கா என்றான். 

பள்ளிவாசல் உஸ்தாதைப் போய்ப் பார்த்தேன். முதலில் பிள்ளைக்குப் பாலைக் கொடுங்க, உசிரைவிட ஒண்ணும் பெரிசில்ல, யாருன்னு தெரிஞ்சா கல்யாண நேரத்துல ஞாபகம் வெச்சுக்குங்க என்றார். அன்றைக்கே டாக்டரிடம் சம்மதம் சொல்லிவிட்டேன். உன் அம்மா கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டாள். பிள்ளைக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை, அதற்குள் மாப்பிள்ளை வைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வேறு யார், உன் இப்ராஹிம் மாமாவின் பேரன், அந்த நாலு மாதப் பயல் அமீன். அவன் உம்மா நஸீமா வங்கியில் பால் கொடுத்திருந்தால் சம்பந்தம் போச்சு. யாரோடதுன்னு சொல்ல வேண்டாம் தம்பி, யாரோடது இல்லைன்னு மட்டும் சொல்லு என்று செபாஸ்டினிடம் கெஞ்சினாள். அதுவும் சொன்ன மாதிரிதானே இத்தா என்று அவன் தலையைச் சொறிந்தான்.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் செல்வப்பிரியா என்று ஒரு பெண், இடுக்கியில் சித்திரபுரத்துக்காரி, இங்கே கட்டிக்கொடுத்த இடம். அவள் பிள்ளை குடித்தது போகப் பால் மிச்சம், வங்கிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். துணைக்கு வந்திருந்த அவள் அம்மா சுருளியம்மாள் எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவர். எங்க லயத்து வரிசை வீட்டுல ஒருத்தி கொழுந்தெடுக்கப் போனா இன்னொருத்தி அவ புள்ளைக்கும் சேத்துக் குடுப்பா, இந்தா இருக்கிற கட்டிலுக்குக் குடுக்க எதுக்குய்யா மிசினு என்று நர்ஸிடம் சண்டைக்கு நின்றார். நர்ஸ் அசையவில்லை. பால் லிப்டில் கீழே போய், சோதனையெல்லாம் முடிந்து, நம்பர் ஒட்டிக்கொண்டு, அதே லிப்டில் மேலே வரும், வார்டு முழுக்கத் தெரிந்தாலும் யாருக்கும் தெரியாது என்று எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். உன் அம்மாவுக்கு அதில் ஏக நிம்மதி, சித்திரபுரத்திலிருந்து நமக்கு யாரும் பெண் கேட்டு வரப்போவதில்லை.

அவர்கள் டிஸ்சார்ஜ் ஆகிப் போனதும்தான் பிரச்சினை. ஸ்டாக் குறைந்துவிட்டது, இந்த வாரத்தை ஓட்டுவதே கஷ்டம் என்று செபாஸ்டின் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். அன்றைக்குக் கண்ணாடிக்கு வெளியே நின்று அழுதேன் இர்பான், உனக்குப் போனில் எல்லாம் சரி என்று சொன்னது அன்றைக்குத்தான். உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. அவளோ அதே நேரத்தில் ஒரு தட்டில் சமோசாவை எடுத்துக்கொண்டு, கைக்குழந்தை இருக்கிற வீடாகப் பார்த்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். யார் யார் வங்கியில் கொடுத்திருக்கிறார்கள் என்று துப்பறிகிறாளாம். நேராகக் கேட்க வாய் வராமல், ஏம்மா உனக்குப் பால் நல்லா வருதா, மிச்சம் இருக்குமா என்று விசாரித்திருக்கிறாள். நம்ம தெருவில் வீட்டில் சீனி இருக்கா என்று கேட்டால் ஒரு டம்ளர் கொடு என்றுதானே அர்த்தம். அவளுக்கே அது மறந்துபோய்விட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ ஆட்டோவாக நம்ம தெருப் பெண்கள் வந்து இறங்கினார்கள். ரம்லா அக்கா கேட்டு இல்லைன்னு சொல்றதா என்று உன் அம்மா பேரைச் சொல்லிக்கொண்டு ஆளாளுக்குப் பிள்ளையும் ப்ளாஸ்க்கும் புருஷனுமாக. ஒருத்தி வீட்டிலேயே எடுத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவந்திருந்தாள், அதைப் பார்த்து செபாஸ்டின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். ரத்தம் கொடுங்க, வரிசையில வாங்க, புருஷன்மாரெல்லாம் வெளியே நில்லுங்க என்று கத்திக் கத்தி அவன் தொண்டை கட்டிப்போனது. உன் அம்மா வராந்தாவில் நின்று, மனதில் இருந்த மாப்பிள்ளைப் பட்டியலில் ஒவ்வொரு பேராக அடித்துக்கொண்டிருந்தாள்.

நஸீமா மட்டும் வரிசையில் நிற்காமல் நேராக உன் அம்மாவிடம் வந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும் போலிருக்கிறது. மாமி, நானும் குடுக்கட்டுமா, நீங்க வேண்டாம்னா திரும்பிப் போயிடறேன் என்று கேட்டாள். உன் அம்மா அவள் கையிலிருந்த அமீனின் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். ஸ்டாக் விஷயத்தை அப்போதுதான் நான் சொன்னேன், முன்னாலேயே சொல்லியிருக்கலாம். உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு அமீனைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, போய்க் குடும்மா, பயலை நான் பார்த்துக்கறேன் என்றாள். நஸீமா உள்ளே போனபிறகு உன் அம்மா அந்தப் பயலை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது யார் வயிற்றுக்குப் போகுமோ யாருக்கும் தெரியாதே, எதற்கு அழுகிறாய் என்றேன். எனக்குத் தெரிய வேண்டாங்க, அண்ணனா இருந்தா நம்ம பேத்தியைக் காலமெல்லாம் பார்த்துக்குவான், புருஷனா இருந்தா அப்படிச் சொல்ல முடியுமா என்றாள். நானும் அவள் புருஷன்தானே, எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

இப்போது பாலுக்குக் குறைவில்லை. சுஹைனாவும் எழுந்து நடக்கிறாள், சாப்பிடுகிறாள், வாரா வாரம் அவளிடம் தனியாகப் பேசு, பிள்ளையைப் பற்றி மட்டும் கேட்காமல் அவளைப் பற்றியும் கேள். வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீர் குடிக்க மறக்காதே. பேரை யோசித்துச் சீக்கிரம் சொல். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தரட்டும். லீவு கிடைத்து வரும்போது அமீனுக்கும் ஒரு நல்ல சட்டை வாங்கி வா, மாமா வீட்டுப் பிள்ளை என்று நினைத்து வாங்காதே, உன் பிள்ளைக்கு எடுப்பதுபோல் எடு.

உன் அத்தா,
மொய்து