தூரக் கண்ணாடியில் விழுந்த முகங்கள்

1937 மார்ச் 3, புதன்

காலைப் பத்திரிகையில் என் கடற்கழுகு வந்துவிட்டது. மூன்றாம் பக்கத்தில், நல்ல அகலமாய். அடியில் ‘படம்: சுலைமான், குயின் தெரு’ என்று போட்டிருக்கிறார்கள். கடைக்கு வந்தவர்களெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்கள் - கழுகு கையில் வந்து உட்கார்ந்ததா? கழுகு இருந்தது நடுக்கடலில் நங்கூரமிட்ட தொங்கான் சரக்குப் படகின் பாய்மர உச்சியில். நான் நின்றது எஸ்பிளனேட் கரைச்சுவரில். நடுவில் இருந்தது என் தூர லென்ஸ்.

ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார இஞ்சினியரின் சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்தது. என் முழங்கையிலிருந்து விரல்நுனிவரை நீளம், கறுப்புக் குழல். அதைப் பொருத்தினால் காமிரா முன்பக்கம் சாய்கிறது, முக்காலியின் அடியில் மணல்மூட்டை கட்ட வேண்டும். காற்றடித்தால் படம் கலங்கும். வெயில் ஏறினால் கானல் எழுந்து எல்லாம் தண்ணீரில் விழுந்ததுபோல் நெளியும். காலையில் ஒருமணி நேரம்தான் அது என் பேச்சைக் கேட்கும். ரொஸ்னா அதை ‘உங்க ரெண்டாம் பெஞ்சாதி’ என்கிறாள்.

மார்ச் 5, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்தால் கடையில் கிராணியார் கார்த்திகேசு உட்கார்ந்திருக்கிறார். நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் தலைமைக் கணக்கர், யாழ்ப்பாணத்துக்காரர். கையில் அந்தப் பத்திரிகை.

“இது நீர் எடுத்த படமோ? எங்கட துரை பார்த்துப்போட்டு அசந்து போனார். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வாரும். மாடியில நிண்டு தோட்டத்தை எடுக்கவேணும். அந்த நீளக் கண்ணாடியை மறக்காமல் கொண்டுவாரும்.”

தோட்டம் முழுவதையும் எடுக்கத் தூர லென்ஸ் எதற்கு? அகலமாய்க் காட்டும் லென்ஸ் அல்லவா வேண்டும்? கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மார்ச் 8, திங்கள்

நேற்றைய நாளை எப்படி எழுதுவது?

கார்த்திகேசுவும் நானும் படகில் அக்கரை போய், பிறாயில் ரயிலேறி நிபோங் திபாலில் இறங்கினோம். தோட்டத்துக் கார் காத்திருந்தது. மேட்டின்மேல் துரை பங்களா. மாடி வராந்தாவில் மூங்கில் திரைகளை இறக்கி, ஒரே ஒரு இடத்தில் மட்டும் கை அகலத்துக்குத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். திரைக்குப் பின்னால் நாற்காலியில் போலீஸ் இன்ஸ்பெக்டர். வெள்ளைக்காரர். நன்றாகத் தமிழ் பேசுகிறார். அதுவே ஒரு பயம்.

கீழே, வரிசையாய்க் கட்டிய லயத்து வீடுகளுக்கு முன்னாலிருந்த மைதானத்தில் தொழிலாளிகள் கூடியிருந்தார்கள். சின்னத் துரை பால்வெட்டுக்காரர் ஒருவரைப் பூட்ஸ் காலால் உதைத்தாராம். அன்றிலிருந்து யாரும் வேலைக்கு இறங்கவில்லை.

“வேறு தோட்டத்து ஆட்கள் வந்து பேசுகிறார்கள்” என்றார் இன்ஸ்பெக்டர். “அவர்கள் பெயரை ஒருவனும் சொல்லமாட்டேன் என்கிறான். எனக்குத் தோட்டம் வேண்டாம். முகம் வேண்டும்.”

நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாமா? எழுதும்போது எல்லாம் சுலபம்.

கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தேன். பின்கண்ணாடியில் எப்போதும்போல எல்லாம் தலைகீழ். வானத்துக்குக் காலை நீட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான மனிதர்கள். ஒருவன் எழுந்து பேசுகிறான், அவன் பக்கத்தில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. சத்தமே கேட்கவில்லை. வாய் அசைவது மட்டும் தெரிகிறது. இந்தப் பக்கம் நான் மூச்சுவிடுவதுகூட அவர்களுக்குத் தெரியாது. கண்ணாடித் தட்டுகளை மாற்றி மாற்றி ஆறு படம் எடுத்தேன். இன்ஸ்பெக்டர் எண்ணிக்கொண்டே இருந்தார்.

கடைசித் தட்டின்போது வெயில் திரை இடுக்குக்கு வந்துவிட்டது. லென்ஸ் மின்னியிருக்க வேண்டும். அப்போது பேசிக்கொண்டிருந்த அந்தப் பெண் பேச்சை விட்டுவிட்டு நேராக மாடியைப் பார்த்தாள்.

மார்ச் 9, செவ்வாய்

ஐஸ் வாங்கிப் போட்டு ஆறு தட்டையும் கழுவினேன். இப்படிக் கூர்மையாக என் கையில் எதுவும் வந்ததில்லை. முகம் ஒவ்வொன்றும் ஒரு பயற்றம்பருப்பு அளவு. பெரிதாக்கினால் பேசுகிறவன் கழுத்துத் தாயத்து தெரிகிறது. பெண்ணின் நெற்றிச் சுருக்கம் தெரிகிறது. ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. அதை எழுதித்தான் ஆகவேண்டும் - சந்தோஷமாக இருந்தது.

பிறகு ரொஸ்னா வந்து எட்டிப் பார்த்தாள். “இவங்க யாரு மச்சான்?”

சொன்னேன்.

“இந்தப் படத்தைக் கொடுத்தா இவங்களை என்ன செய்வாங்க?”

“நாடு கடத்துவாங்க. கப்பல்ல ஏத்தி நாகப்பட்டினம்.”

அவள் எழுந்துபோய்க் கடை முன்கதவைத் தாழ்போட்டு வந்தாள்.

மார்ச் 10, புதன்

கடை திறக்கவில்லை. வயிற்றுவலி என்று சொல்லச் சொன்னேன். பொய்யும் இல்லை.

மார்ச் 11, வியாழன்

அவன் வந்துவிட்டான்.

சாயங்கால அஸர் தொழுகை நேரம். வெள்ளை வேட்டி, சட்டை, கையில் குடை. படமெடுக்க வந்த ஆள்போல நாற்காலியில் அமர்ந்தான். நான் காமிராவுக்குப் பின்னால் போய்த் துணியைப் போர்த்தினேன். பின்கண்ணாடியில் தலைகீழாக அதே முகம், அதே தாயத்து. துணிக்குள்ளேயே நின்றுவிட்டேன். வெளியே வரப் பயம்.

“வெளிய வாங்க பாய்” என்றான். “என் படம்தான் ஏற்கெனவே உங்ககிட்ட இருக்கே.”

பெயர் பழனியப்பன். பக்கத்துத் தோட்டத்துக்காரன். நிபோங் திபால் ஸ்டேஷனில் என் பெட்டியைத் தூக்கிய ஆள் மூடியில் எழுதியிருந்த கடைப் பெயரைப் படித்திருக்கிறான். அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். அடிக்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். கத்தினால் எதிர்க்கடைச் செட்டியாருக்குக் கேட்குமா என்றுதான் மனம் கணக்குப் போட்டது.

“என்னோட நின்னுச்சே ஒரு பொம்பளை, அது விழுந்திருக்கா?”

“விழுந்திருக்கு.”

“அது பேரு புஷ்பவள்ளி. புருசன் இல்ல. மூணு புள்ளைங்க. அன்னிக்கு ஒருநாள்தான் பேசுச்சு, அதுவும் நான் கூப்பிட்டதால. அதைத் தோட்டத்தவிட்டுத் துரத்துனா புள்ளைங்க தெருவுல நிக்கும். என்னைக் குடுத்துருங்க பாய். அதை மட்டும் குடுக்காதீங்க.”

“ஆறு தட்டுலயும் நீங்க ரெண்டு பேரும் சேந்துதான் இருக்கீங்க. தட்டைக் குடுக்கலைன்னா என்னையும் அதே கப்பல்ல ஏத்துவாங்கப்பா. நானும் அந்தக் கரையில பிறந்தவன்தான். எம் பொண்டாட்டி இந்த ஊர்க்காரி. அவ எங்க போவா?”

குரல் உடைந்துவிட்டது. ஒரு கூலியாள் முன்னால் அழுதுவிடுவேனோ என்று வெட்கமாக இருந்தது.

“பயம் எல்லாருக்கும் இருக்கு பாய்” என்றான். “ஏதாச்சும் சொல்லணும்னா ஸ்டேஷன்ல பெட்டி தூக்குறானே, அவன்கிட்ட சொல்லுங்க.”

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 12, வெள்ளி

தொழுகையில் மனம் நிற்கவில்லை. திரும்பி வந்தபோது ரொஸ்னா அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தாள். நான் சொல்லவில்லை. அவளாக வைத்தாள். மூன்று நாளைக்கு முன்னால் அவளிடம் ஒன்று சொல்லியிருந்தேன் - ஐஸ் இல்லாமல் இந்தச் சூட்டில் தட்டைக் கழுவினால் மேல்பூச்சு உருகி வழிந்துவிடும் என்று. அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறாள்.

“செய்யணும்னா இப்பவே செஞ்சிருங்க” என்றாள். “நாளைக்கு உங்களால முடியாது.”

என்னை இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாளே.

ஒவ்வொன்றாக வெந்நீரில் விட்டேன். முகங்கள் சுருங்கின, மடிந்தன, பாலாடைபோலக் கண்ணாடியைவிட்டு நழுவின. பெரிதாக்கிய தாளை அடுப்பில் போட்டோம்.

மார்ச் 13, சனி

இன்ஸ்பெக்டர் நேரில் வந்தார். கூடவே கார்த்திகேசு. வெறும் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஐஸ் வண்டி வரவில்லை, சூட்டில் உருகிவிட்டது என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

“ஆறுமா?”

“ஆறும்தான், துரை.”

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். “நாளைக்கு மறுபடி கூட்டம் இருக்கிறது. நீ வருகிறாய். தட்டுகளை நானே எடுத்துப்போய்க் கழுவிக்கொள்கிறேன். நீ எந்த ஊர்? நாகூரா? நல்ல ஊர். திரும்பிப் போக ஆசை உண்டா?”

வெளியே போகும்போது கார்த்திகேசு மட்டும் பின்தங்கி, “விளையாடாதையும் காணும். உம்மட மனுசியை நினைச்சுப் பாரும்” என்று காதோடு சொன்னார். அவர் முகத்திலும் ரத்தம் இல்லை.

மார்ச் 15, திங்கள்

முடிந்தது. எழுதிவிடுகிறேன்.

ஸ்டேஷனில் அதே ஆள் பெட்டியைத் தூக்க வந்தான். கார்த்திகேசு சற்றுத் தள்ளி நின்று காரைத் தேடிக்கொண்டிருந்தார். பெட்டியை அவன் தலையில் ஏற்றிவிடும் சாக்கில் குனிந்து, “இன்னிக்கும் மாடியிலேருந்துதான். முகம் காட்டவேணாம்னு சொல்லு” என்றேன். அவ்வளவுதான். அவன் காது கேளாதவன்போல நடந்தான். கேட்டதா இல்லையா என்று தெரியாமலே பங்களா மாடி ஏறினேன்.

அதே திரை, அதே இடுக்கு. இன்ஸ்பெக்டர் என் தோளை ஒட்டி நின்றார். கூட்டம் சேர்ந்தது. போன ஞாயிறைவிடப் பெரிய கூட்டம். குவியம் சரிசெய்துவிட்டுப் பின்கண்ணாடியில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். புரியவில்லை. துணியைவிட்டு வெளியே வந்து வெறும் கண்ணால் பார்த்தேன்.

அத்தனை பேரும் பங்களாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் தலையில் துண்டு, பெண்கள் தலையில் முக்காடு. மைதானம் முழுக்க முதுகுகள். ஒரு முகம் இல்லை. பேசுகிறவர் யாரென்றும் தெரியவில்லை. எவரும் எழுந்து நிற்கவில்லை.

இன்ஸ்பெக்டர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். “யார் சொன்னது?”

கால்சட்டை நனைந்துவிடும் என்று பயந்தேன். வாய்விட்டுச் சொல்ல முடியாததை இங்கேயாவது எழுதுகிறேன்.

அப்போதுதான் அவன் எழுந்தான். கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்து, தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, பங்களாவைப் பார்த்துத் திரும்பி நின்றான். பழனியப்பன். அவனைச் சுற்றி எல்லாம் முதுகு. அவன் ஒருவன் மட்டும் முகம்.

இன்ஸ்பெக்டர் துணிக்குள் தலைவிட்டுப் பார்த்துவிட்டு, “எடு” என்றார்.

தட்டைச் செருகிவிட்டால் அது பின்கண்ணாடியை மறைத்துவிடும், எனக்குப் பார்வை கிடையாது. அந்தக் கொஞ்சநேரம் மனதுக்குள் கத்தினேன் - திரும்பிடுப்பா, உக்காந்துடு, அல்லாவே அவனைத் திருப்பிவிடு. இவ்வளவு நீள லென்ஸில் விரல் ஒரு நூல் அசைந்தால்கூடப் படம் பாழ். அசைத்திருக்கலாம். தோளில் இன்ஸ்பெக்டரின் மூச்சு பட்டுக்கொண்டிருந்தது. என் விரல் அசையவில்லை.

மார்ச் 16, செவ்வாய்

ரொஸ்னா கேட்டாள், அவன் ஏன் எழுந்தான் என்று. தெரியாது என்றேன். தெரியும். ஒரு முகமும் கிடைக்காமல் போயிருந்தால் இன்ஸ்பெக்டர் என்னைத்தான் பிடித்திருப்பார். வியாழக்கிழமை நாற்காலியில் உட்கார்ந்து என் அழுகுரலைக் கேட்டவன் அவன்.

மார்ச் 18, வியாழன்

போலீஸ் மாத்தாக்கள் இரண்டு பேர் வந்து தூர லென்ஸைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். சர்க்கார் உபயோகத்துக்காம். எப்போது திரும்பக் கிடைக்கும் என்று கேட்டேன். இளையவன் சிரித்தான். படம் மிகத் தெளிவாக வந்திருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் சொல்லச் சொன்னாராம்.

மார்ச் 30, செவ்வாய்

பழனியப்பனை ஏற்றிய கப்பல் இன்று போனது. கார்த்திகேசு வந்து சொல்லிவிட்டுப் போனார். பழனியப்பனைத் தவிர வேறு யாரையும் பிடிக்கவில்லையாம். தொழிலாளிகள் வேலைக்குத் திரும்பிவிட்டார்களாம். சின்னத் துரையை வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். “ஒருத்தனோட போச்சுது” என்றார். காப்பி கொடுத்தும் குடிக்காமல் எழுந்து போனார்.

துறைமுகத்துக்குப் போக நினைத்தேன். மார்க்கெட் தெரு முனைவரை போனேன். அங்கே ஒரு மாத்தா நின்றான். வேறு யாருக்காகவோ நின்றிருக்கலாம். திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 22, வியாழன்

ஒன்றுமில்லை. கல்யாணப் படம் ஒன்று.

ஜூலை 4, ஞாயிறு

மத்தியானம் ஒரு பெண் மூன்று பிள்ளைகளோடு வந்தாள். நேராகப் பார்த்ததும் தெரியவில்லை. நான் அவளைத் தலைகீழாகத்தான் பார்த்திருக்கிறேன். பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நெற்றியைச் சுருக்கியபோதுதான் - புஷ்பவள்ளி.

என்னை யாரென்று தெரிந்துதான் வந்திருக்கிறாள். ஆனால் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “பழனியப்பண்ணனுக்கு ஊருக்கு அனுப்பணும். புள்ளைங்களோட ஒரு படம்” என்றாள்.

உட்கார வைத்தேன். சின்னவன் அழுதான். ரொஸ்னா மாடியிலிருந்து பிஸ்கோத்து கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எடுத்து முடித்ததும் புஷ்பவள்ளி கடையைச் சுற்றிப் பார்த்தாள். “அந்தப் பெரிய குழாய் எங்க பாய்?”

“போலீஸ்காரங்க எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்கம்மா. திருப்பித் தரலை.”

“அப்ப இப்ப அதை வச்சு யாரைப் பாக்குறாங்க?”

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ரசீதை எழுதி நீட்டினேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

அவள் போன பிறகு வெகுநேரம் கடை வாசலில் நின்று, எதிர்ச்சாரி மாடி ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சும்மா ஜன்னல்கள். ஒன்றில் துணி காய்ந்தது. ஒன்றில் பலகைக் கதவு கை அகலத்துக்குத் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. ரொஸ்னா கீழே வந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.