அண்ணி மூச்சு வாங்கிய ஏலம்

அண்ணி,

இன்று காலை ஐஸ் பெட்டி மேல் கிடந்த சாக்கை உதறினேன். குப்பென்று பூசண வாடை. "அண்ணி, தள்ளிப் போங்க!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் மீன் பிரித்துக்கொண்டிருந்தவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும்.

கிளிஞ்சல்மேட்டுக் கரையில் நீங்கள் ஏலம் கூவினால் தூரத்துப் படகில் வலை மடிப்பவர்களுக்கும் விலை தெரிந்துவிடும். சுனாமிக்குப் பிறகு ஒதுங்கியிருந்த ஈரக் கொட்டகையில்தான் உங்கள் இழுப்பு முற்றியது. வாயில் வைத்து இழுக்கும் மருந்துப் பம்பு அடித்தும் அடங்கவில்லை. இருமினால் பழுப்பாகக் கட்டிச்சளி வந்தது. வெற்றிலைச் சாறு என்று நினைத்த அண்ணன், உங்கள் வெற்றிலைப் பெட்டியை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தார். சோறு பொங்குவது யார் என்பதை மறந்துவிட்டார், பாவம்.

புதுச்சேரி டாக்டர்தான் கண்டுபிடித்தார். "இது வெறும் ஆஸ்துமா இல்லம்மா. காத்துல வர்ற பூசணம் உங்க நுரையீரலுக்கு ஒத்துக்கல. ஆஸ்துமா உள்ளவங்கள்ல சில பேருக்குத்தான் இப்படி வரும். மூச்சுக்குழாய் விரிஞ்சு கெட்டுப்போயிருக்கு" என்றார்.

நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. "ஏலம் கூவலாங்களா?"

"கூடவே கூடாது."

திரும்பும் பேருந்தில், நம் ஊருக்கு முன்னால் வரும் பூவம் வரை விரல்களை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே வந்தீர்கள். ஏலம் போனால் நீங்களும் போய்விடுவீர்கள் என்று எனக்குப் பயம். பிறகு என் கையைப் பிடித்து, "நீ கூவு. வெலய நான் வெரல்ல காட்டுறேன்" என்றீர்கள். என் குரலோ தவளைக் குரல்.

டாக்டர் கொடுத்த மாத்திரையில் உங்கள் முகம் உப்பியது. "ஒடம்பு நல்லா தேறிட்டு போல" என்றார்கள் கரையில் பார்த்தவர்கள். "பின்ன, நாத்தனார் சம்பாத்தியமாச்சே" என்று சிரித்தீர்கள்.

ஏலத்தில் என் இடப்பக்கம் கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து, மூச்சை இழுத்து நிதானித்த பிறகுதான் அடுத்த விரலை உயர்த்துவீர்கள். அதுவரை நான் வாயை மூடி நிற்பேன். வியாபாரிகளுக்கு இருப்புக் கொள்ளாது. வேறு யாரோ கூடுதலாகக் கேட்டுவிட்டான் என்று பயந்து, அவர்களே ஏற்றிக் கேட்பார்கள். "நான் மூச்சு வாங்குனா அவனுவளுக்கு ஏன் மூச்சு முட்டுது?" என்று என் காதில் சொல்லிச் சிரித்துச் சிரித்தே இருமுவீர்கள்.

அப்படியே சில வருடங்கள் ஓட்டினீர்கள். ஒரு மார்கழிப் பனியில் நுரையீரல் ஒத்துழைக்க மறுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை; போவதற்கு முதல் நாள்கூட வஞ்சிரத்துக்கு விலை முடித்தது உங்கள் விரல்தான். அழுகை வருகிறது அண்ணி, ஆனாலும் அதில் எனக்கு நிறைவுதான்.

இப்போதும் விலையை முடிக்கும் முன் வாயை மூடிக்கொண்டு என் இடப்பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். "அங்க யாருகிட்டக்கா உத்தரவு கேக்குறீங்க?" என்று வியாபாரிகள் கிண்டல் செய்கிறார்கள். "எங்க அண்ணிகிட்டதான்" என்கிறேன்.

நான் மறுபடி இந்தப் பக்கம் திரும்புவதற்குள் யாராவது ஒருவன் ஏற்றிக் கேட்டுவிடுகிறான்.