முன்னால் வந்து நின்ற இரண்டு எழுத்து

அன்பு மகன் கௌதமுக்கு,

ஜங்லிகாட்டிலிருந்து அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை சங்கவி எழுதுவது. இங்கே தீவில் அப்பா, அம்மா, நான், ஒழுகுகிற தகரக்கூரை எல்லோரும் நலம். உன் நலத்தை விசாரிக்க வேண்டியதில்லை, அது இங்கிலீஷில் அச்சாகித் தபாலில் வந்துவிட்டது என்கிறாள் அம்மா. ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் தருகிற போனில் இவள் கோபம் அடங்காது, அதனால்தான் கடிதம்.

உன் கோச்சிங் சென்டர் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, நல்லதா நாலு வரி சேர்த்துப் படிச்சிடு என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா, நான் நாற்பது வரி சேர்த்தேன். தங்கள் மகன் வகுப்பின் மாணிக்கம், தினம் ஐம்பது சொற்களை விழுங்கி ஏப்பம் விடுகிறார் என்று நான் படித்ததில் அப்பா எழுந்தே நின்றுவிட்டார். அம்மா மட்டும், சுப், வாயை மூடு, போதும் என்று தாளை வாங்கி ஒரு வரியில் விரலை வைத்தாள். இது அட்டெண்டன்ஸ், அதுக்கு முன்னாடி இர்ரெகுலர்னு இருக்கு, இதுல மாணிக்கம் எங்கடி இருக்கு என்றாள்.

அம்மா பதினோரு வருடமாக அரசாங்க ஆபீஸில் தினக்கூலி மஸ்தூராகக் கூட்டிப் பெருக்குகிறவள், தினமும் காலையில் அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிறவள். வேலையை நிரந்தரமாக்குகிற ரெகுலர் என்கிற சொல்லுக்காகத்தான் நோட்டீஸ் போர்டைப் பார்த்தபடி நிற்கிறாள். ரெகுலரைசேஷன் என்று அதற்கு எவ்வளவு நீள வால் முளைத்தாலும் தலையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாள். போன வருடம் அந்த இர்-ங்கிற ரெண்டு எழுத்து ரெகுலருக்கு முன்னாடி வந்து நின்னுதான் என் பேரை லிஸ்ட்ல இருந்து தள்ளுச்சு, அது என்னான்னு எனக்கா தெரியாது என்று கேட்டாள். அப்பா மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

இங்கிலீஷ் சொல் லிஸ்ட்டை மேய்ந்தே ரெண்டு தடவை இங்கிலீஷ் பேப்பரில் கவிழ்ந்த அறிவாளிக்கு, ஒரு சொல்லின் முன்னே என்ன ஒட்டியிருக்கிறது, பின்னே என்ன தொங்குகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லையா என்று கேட்கச் சொல்கிறாள். எட்டாவதோடு நின்றவளை ஏமாற்ற உனக்கு ஒரு துபாஷி வேறு தேவைப்பட்டதாம். வீட்டில் எனக்கு வாலு என்று பெயர், அந்த வாலும் ஒட்ட நறுக்கப்பட்டது. இந்தக் கடிதத்தை அழகான கையெழுத்தில் எழுதுவதுதான் என் தண்டனை, இது மூன்றாவது பிரதி.

இனி விஷயம். பங்குனியில் புது லிஸ்ட் வருகிறது, அதற்கு வேலைக்கு வந்த நாட்களைத்தான் எண்ணுவார்கள். அம்மாவுக்கு இந்த வருடம் இதுவரை ஒரு ஆப்சென்ட் கிடையாது. அடுத்த மாதக் கடைசிக்குள் உன் வகுப்பு வருகைத்தாளின் நகல் சென்டர் முத்திரையோடு வராவிட்டால், லீவு போட்டுக் கப்பலேறி வந்து உன் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருவாளாம். அதனால என் பேரு மறுபடியும் போனா போகட்டும், உன் பேராவது நிக்கட்டும் என்கிறாள். இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேளைக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு விடாதே, முருகன் துணையிருப்பான். ஆசீர்வாதத்தில் பாதி இப்போது, மீதி வருகைத்தாள் வந்த பிறகு. நகலில் முத்திரையை மறந்துவிடாதே. கீழே இருப்பது அம்மா தன் கையால் போட்டது, ரெஜிஸ்டரில் போடுகிற மாதிரியே நேரத்தோடு.

விஜயலட்சுமி
காலை 8.40