செவ்வாய்க்கிழமை வந்த சேதி

பிப்ரவரி 1, ஞாயிறு

வாட்ச்மேன் கமல் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர் சம்ப்பை எட்டிப் பார்க்கப் போய், போனை உள்ளே தவறவிட்டுவிட்டான். என் போனில் ஊருக்குப் பேசினான். நேபாளத்தில் ஏதோ மலை மாவட்டம். பெண்டாட்டியும் வயசான அப்பாவும் அங்கே, அண்ணன் கத்தாரில். "புதுசு வாங்கற வரைக்கும் அவசரம்னா உங்க நம்பர்ல கூப்டச் சொல்லிக்கீறேன், அம்மா." நாலு வருஷமாகத் தண்ணீர் லாரிக்காரர்களிடம் கற்ற தமிழ். அசோசியேஷன் செக்ரெட்டரி என்றால் இதுவும் ஒரு வேலை. சரி என்றேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

காலை பத்தரைக்குக் கமலின் மனைவி கூப்பிட்டாள். போபாலில் பேங்க் வேலை பார்த்த ஆறு வருஷத்து இந்தி இன்னும் மிச்சமிருக்கிறது. மாமனாருக்கு மூச்சு இழுக்கிறது, மகனைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், இன்றைக்கே கிளம்பச் சொல்லுங்கள் என்றாள். சொல்கிறேன் என்றேன்.

சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சின்மயிக்கு வளைகாப்பு. என் பெண்ணுக்கு இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய குழந்தை. மொட்டை மாடியில் பந்தல், நூறு பேருக்குச் சாப்பாடு. முடிச்சூரில் லாரித் தண்ணீரை நம்பி விசேஷம் வைக்கிறவளுக்குத்தான் தெரியும், வாட்ச்மேன் இல்லாவிட்டால் எவ்வளவு பேஜார் என்று. அதோடு, வளைகாப்பு வீட்டில் சாவுப் பேச்சா? வயசானவர்களுக்கு மூச்சு இழுக்கும், தேறும். என் மாமியார் மூன்று முறை இழுத்து மூன்று முறையும் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டாள். வெள்ளி சாயங்காலம் சொல்லிவிடலாம். மூன்றே நாள்.

பிப்ரவரி 4, புதன்

இவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உடனே கீழே இறங்கிப் போய் அவனிடம் சொல்லிவிடுவார்.

பிப்ரவரி 6, வெள்ளி

வளைகாப்பு நன்றாக நடந்தது. கை நிறைய வளையலோடு சின்மயி சிரித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நூறு நாற்காலியையும் கமல்தான் மாடிக்குத் தூக்கினான்.

ஐந்து மணிக்கு அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"எப்பம்மா பேசுனாங்க?"

"இப்பதான்."

குரல்கூட நடுங்கவில்லை. என் வாயா இது? என் போனிலேயே ஊருக்குக் கூப்பிட்டுப் பார்த்தான். லைன் போகவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும். மடித்துக்கொண்டிருந்த பந்தல் துணியை மடித்து வைத்துவிட்டு, ராத்திரி தில்லி ரயிலுக்குப் போனான். ஊர் போய்ச் சேர நாலு நாளாவது ஆகுமாம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அவள் கூப்பிட்டாள். விடியற்காலையில் போய்விட்டாராம். "செவ்வாய்க்கிழமையே கிளம்பியிருப்பாரே, நேற்றே வந்திருக்கணுமே, எங்கே இருக்கிறார்?" என்று கேட்டாள்.

ரயில் லேட் என்றேன்.

செவ்வாய் ராத்திரி ஏறியிருந்தால் நேற்று அவன் வீட்டில் இருந்திருப்பான். பெற்றவன் வாயில் சொட்டுத் தண்ணீர் விட்டிருப்பான். கிழவர் கண் மூடுகிறவரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்திருப்பாரே! பாவி, பாவி. நான்தான், வேறு யார்?

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். "உனக்கென்ன பைத்தியமா, அபிதா?" என்றார். அப்புறம் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மார்ச் 10, செவ்வாய்

கமல் வந்துவிட்டான். மொட்டைத் தலையில் முடி அரும்பியிருக்கிறது. சட்டை, பேன்ட், தொப்பி, செருப்புகூட வெள்ளை. அப்பா போனால் ஒரு வருஷம் வெள்ளைதானாம்.

"நான் போனப்போ எல்லாம் முடிஞ்சு போச்சும்மா. தூக்கறதுக்கே ஆள் இல்ல. எங்கூர் ஆம்பளைங்க எல்லாம் தில்லி, பெங்களூர், கத்தார். கீழ ஊர்ல இருந்து நாலு பேர் வந்து தூக்கனாங்க. சித்தப்பாக்கு எழுவது வயசு, அவர்தான் நெருப்பு வெச்சாரு."

அங்கேயே இருந்திருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். என்ன புத்தி எனக்கு!

"நெலத்துல மூணு மாசத்துக்குத்தான் சோறு வரும். மீதி ஒம்போது மாசத்துக்கு நான் இங்க நிக்கணுமே, அம்மா."

அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி அவன் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

அசோசியேஷன் மீட்டிங். நீல யூனிஃபார்ம் போட்டே ஆக வேண்டும், வாசலில் வெள்ளைத் துணியோடு ஆள் நிற்பது அபசகுனம் என்றார் மூன்றாம் மாடி பக்தவச்சலம். எனக்கு வந்ததே கோபம். "பெத்த அப்பாவுக்குச் செய்யற கடமை சார் அது. உங்களுக்குக் கண்ணு கூசினா பின் கேட் வழியா போங்கோ" என்று கத்திவிட்டேன். வெள்ளையே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அபிதா மாமிக்கு எவ்வளவு நல்ல மனசு என்றார்கள். தலையை நிமிர்த்த முடியவில்லை.

மார்ச் 16, திங்கள்

நாலு வருஷமாகக் காலையில் கொடுக்கிற காப்பியை இன்று மறுபடியும் எடுத்துக்கொண்டு போனேன். கமல் கையை நீட்டவில்லை. "ஒரு வருஷம் வெளியாளுங்க கையால எதுவும் சாப்டக் கூடாதும்மா. எங்க வழக்கம்."

மனசு லேசாகிவிட்டது. வழக்கம்தானே. அவனுக்குத் தெரியாது போலிருக்கிறது. அந்தப் பெண் நாள் கணக்கையெல்லாம் சொல்லியிருக்க மாட்டாள்.

மார்ச் 22, ஞாயிறு

பால் தீர்ந்துபோய், எதிரே செல்லியம்மாளின் டீக்கடைக்குப் போனேன். கமல் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பாதி தின்ற பன். என்னைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, "வணக்கம் அம்மா" என்றான். எப்போதும் போல மரியாதையாக. ரோட்டைத் தாண்டி கேட்டுக்குப் போய்விட்டான்.

செல்லியம்மாள் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டே பேசினாள். "இன்னா பாவம்மா அந்தாளு! அப்பன் இழுத்துகினு கீறான்னு சேதி வந்துச்சாம். யாரோ மூணு நாளு சொல்லாம மறைச்சிட்டாங்களாம். யாருய்யா அதுன்னு நானும் தெனம் கேக்கறேன். வாயே தொறக்க மாட்டேன்றான்."

பாலை வாங்கிக்கொண்டு வந்தேன். அவன் கேட்டைத் திறந்து விட்டான்.