கீழத்தெருப் பத்திரங்களோடு பூட்டப்பட்ட நூலகம்

அனுப்புநர்:
மாவு மில் நடத்துபவர்,
ஊர் நூலகத்தின் சனிக்கிழமைப் பொறுப்பாளர்,
நடுத்தெரு.

பெறுநர்:
மாவட்ட உயர் அலுவலர் அவர்கள்.

பொருள்: புதன்கிழமை விசாரணைக்கு முன் எங்கள் நூலகப் பூட்டைத் திறந்துவிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அவசரம் கருதி நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்த மருந்தை, எழுத்தறியாத என் அண்ணன் இருமல் மருந்தென்று குடித்து இறந்தார். படிக்கத் தெரிந்த அண்ணி அன்று வேலைக்குப் போயிருந்தார். துக்கம் ஆறுவதற்குள், அண்ணனின் சைக்கிள் கடையாக இருந்த ஒற்றை அறையை அண்ணி ஊருக்குத் திறந்துவிட்டார். எழுத்துள்ள எதையும் அங்கே கொண்டு வரலாம். யாராவது உரக்கப் படித்துச் சொல்வோம். புத்தகங்கள் அப்புறம்தான் வந்தன. அண்ணி, தையல்காரர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், நான் என்று முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். சம்பளம் கிடையாது, கெட்ட பெயர் மட்டும் அவ்வப்போது கிடைக்கும்.

2. சாலையை அகலப்படுத்தக் கீழத்தெரு வீடுகளை இடிக்கப்போவதாக எங்கள் ஊர் அலுவலர் நோட்டீஸ் ஒட்டினார். ஒட்டினாரே தவிர, யாருக்கும் படித்துச் சொல்லவில்லை. கண்டக்டர்தான் நூலகத்தில் நின்று, பஸ்ஸில் கத்திப் பழகிய தொண்டையால் அதைப் படித்தார். ஆட்சேபனை உள்ளவர்கள் புதன்கிழமை அசல் பத்திரத்தோடு வர வேண்டும் என்ற கடைசி வரியைக் கேட்டதும் தெருவே திரண்டு வந்துவிட்டது. மனு எழுதுவதற்காக அவர்கள் தந்த வீட்டுப் பத்திரங்கள் நூலக பீரோவில் இருக்கின்றன.

3. வெள்ளிக்கிழமை ஊர் அலுவலர் வந்தார். “லைப்ரரின்னா சத்தமே இருக்கக் கூடாது. இது என்ன சந்தைக்கடையா?” என்றார். அனுமதியின்றிக் கூட்டம் கூட்டுவதாகச் சொல்லிப் பூட்டினார். பத்திரங்களை மட்டுமாவது எடுத்துக்கொள்கிறோம் என்று அண்ணி கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. “எதுவா இருந்தாலும் ஆபீஸ்ல வந்து எழுதிக் குடுங்கம்மா” என்று பதில் வந்தது. எழுதிக் கொடுத்தோம். இன்று போய்க் கேட்டால், அலுவலர் கேம்ப் போயிருக்கிறாராம். அவர் போட்ட பூட்டின் சாவி அவர் மேசை டிராயரில், டிராயர் சாவி அவர் பையில். எங்களை இழுத்தடிக்கும் எண்ணம் அவருக்கு இல்லை என்று நம்பத்தான் பார்க்கிறேன், முடியவில்லை.

4. பத்திரமில்லாமல் போய் நின்றால் ஆட்சேபனையைத் தள்ளிவிடுவார்கள். அப்புறம் கீழத்தெருக்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு எங்கே போவார்கள்? பூட்டை உடைக்க வேண்டாம் என்று அவர்களை இதுவரை பிடித்து வைத்திருக்கிறோம். நூலகக் கதவைச் செய்த தச்சரின் வீடும் அதே தெருவில்தான் இருக்கிறது. “பூட்டுதான் அவங்களோடது, கதவு நம்மளோடது. கீலைக் கழட்டுனா பூட்டுக்கு ஒரு கீறல்கூட விழாதுக்கா” என்று நேற்று என்னிடம் சொன்னார். சட்டப்படி அது தவறு என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

ஆகவே ஐயா, நாளை மாலைக்குள் பூட்டைத் திறந்துவிட ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை பொறுத்திருக்கத் தச்சர் சம்மதித்திருக்கிறார். அதற்கு மேல் போனால் டார்ச் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். நான் வருவதாகச் சொல்லிவிட்டேன்.

நாள்: திங்கட்கிழமை
இடம்: பூட்டிய நூலகத்தின் வாசல்

இப்படிக்கு,
(ஒப்பம்)
மாவு மில்காரி