பச்சையிலிருந்து ஓடிப்போன மஞ்சள்

அன்புள்ள ஏகாம்பரம்,

நீ கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. மச்சான் என்று என்னைக் கூப்பிட இப்போது ஊரில் ஆளில்லை. நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தேனா, வந்துவிட்டாய்.

வரதர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில் தபால்தலைக் கண்காட்சி நடக்கிறது. தூணுக்குத் தூண் கண்ணாடிச் சட்டங்கள். நீ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விரலெல்லாம் நீலச் சாயமாக, ஒவ்வொரு சட்டத்தின் முன்னாலும் நின்று நின்று போகிறாய். "எவ்வளவு மார்க் போட்டே?" என்று பின்னாலேயே கேட்டுக்கொண்டு வருகிறேன். நீ திரும்பவே இல்லை. தூண்களும் முடியவில்லை. விழித்தபோது பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம்தான் கேட்டது. கொஞ்ச நேரம் அதையும் கனவென்றே நினைத்தேன்.

சேதி கேள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் ஊரிலேயே, கண்காட்சிகளில் மார்க் போடும் நடுவர்களுக்குப் பயிற்சி வகுப்பு. பள்ளிக்கூட ஹால் ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். வகுப்பு எடுப்பது யார் தெரியுமா? நான்தான். தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தாவுக்கு வந்த வாழ்வைப் பார் என்று நீ சிரிப்பாய். சிரி. ஆனால் கடைசி வரை கேட்டுவிட்டுச் சிரி.

தபால் ஆபீஸில் புதுத் தபால்தலை வாங்க நின்ற வரிசையில்தானே நாம் பழக்கமானோம்? நான் எந்த நாடு, எந்த வருஷம் என்று பார்க்கிறவன். நீ அதையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்வாய். உனக்கு நிறம்தான் முதலில். உன் சாயப்பட்டறை முற்றத்தில் நனைந்த பட்டு நூல் கொடியில் தொங்கிச் சொட்டிக்கொண்டிருக்கும். கீழே ஒரு தட்டுத் தண்ணீரில், உறையிலிருந்து பிரிய ஊறப் போட்ட தபால்தலைகள் மிதக்கும். இரண்டு பேரும் பேசாமல் அதைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு மத்தியானம் எப்படிப் போனது என்றே தெரியாது. என் ஆயுளில் நான் சும்மா இருந்தது அந்த முற்றத்தில் மட்டும்தான்.

காந்தி நூற்றாண்டுத் தபால்தலை வந்த வருஷம், மெட்ராஸில் முதல் பயிற்சி வகுப்புக்கு இரண்டு பேருமே போனோம். வாலாஜாபாத் தாண்டும் வரை நீ பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, மார்க் போடும் விதிகளை என்னை வாசிக்கச் சொல்லித் தலையாட்டிக்கொண்டே வந்தாய். சேர்த்தவனின் அறிவுக்கு இத்தனை, தபால்தலையின் நிலைமைக்கு இத்தனை, அபூர்வத்துக்கு இத்தனை. போட்ட மார்க்குக்கு எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்லத் தெரியாதவன் நடுவர் இல்லை. அந்த விதி உனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மாதிரிக்கு என்று வைத்திருந்தது வகுப்பு நடத்திய பெரியவரின் சொந்தத் தொகுப்பு. அதன் நடுநாயகம் ஒரு பழைய அரையணாத் தபால்தலை. பச்சையில் அச்சாக வேண்டியது, தவறுதலாக நீலத்தில் அச்சாகிவிட்டது, உலகத்தில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும் என்று கீழே எழுதியிருந்தது. எல்லோரும் அபூர்வத்துக்கு முழு மார்க் போட்டோம். நானும்தான். நீ மட்டும் சைபர் போட்டிருந்தாய்.

உன்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அந்த ஹாலில் பேச்செல்லாம் இங்கிலீஷ். நீ தமிழில் சொல், உன் சிநேகிதன் மொழிபெயர்க்கட்டும் என்றார் பெரியவர். நீ சொன்னது ஒவ்வொரு எழுத்தும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"இது அச்சுல வந்த நீலம் இல்லீங்க. பச்சைன்றது மஞ்சளும் நீலமும் சேந்தது. வெயில்ல கிடந்தா மஞ்சள் முதல்ல ஓடிப்பூடும், நீலம் நின்னுக்கினு இருக்கும். எங்க நூலு தெனம் இப்படித்தான் ஏமாத்துது. அந்த மூலையில பாருங்க, முன்ன இன்னொரு ஸ்டாம்பு மேல ஏறி மறைச்ச எடத்துல பச்சை அப்படியே இருக்குது."

நான் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். இருந்தது, ஏகா. நகக்கண் அளவுக்குப் பச்சை.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பெரியவரும் பார்த்தார். அவருடைய தபால்தலை வெயிலில் வெளுத்தது என்று அவர் முகத்துக்கு நேரே, அத்தனை பேர் நடுவில், நான் சொல்ல வேண்டும். என் முழு மார்க்கும் தப்பு என்று அதே வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தேன். இங்கிலீஷில் சொன்னேன்: "அவருக்கு இந்த நிறம் பிடிக்கவில்லையாம்."

ஹாலே சிரித்தது. பிடிப்பதும் பிடிக்காததும் நடுவருக்குக் கிடையாது என்று பெரியவர் தன்மையாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

நான் தேறினேன். உன்னைத் தள்ளிவிட்டார்கள். திரும்பும் பஸ்ஸில் பூந்தமல்லி தாண்டியதும் கேட்டாய்: "நான் அவ்ளோ நேரம் சொன்னேனே மச்சான், நீ ஒரே வரியில முடிச்சிட்டியேபா?"

"இங்கிலீஷ்ல அப்படித்தான், சுருக்கமா வரும்" என்றேன்.

"ஓ" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். உனக்குத் தெரிந்துவிட்டதா, ஏகா? தெரிந்துதான் பேசாமல் இருந்தாயா? ஒன்பது வருஷமாக இதை உன்னிடம் கேட்கத்தான் ஒவ்வொரு முறையும் பட்டறைக்கு வந்தேன். வந்து, டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த வருஷ வகுப்புக்குக் கூப்பிட்டபோது, "எனக்கு இங்கிலீஷு வராதுபா, நீயே போய்ட்டு வா" என்றுவிட்டாய். ஊரும் அப்படித்தான் நம்பியது. ஆனால் ஒவ்வொரு கண்காட்சி முடிந்து நான் வரும்போதும் ஆசையாகக் கேட்பாய்: எந்தச் சட்டத்துக்கு எவ்வளவு போட்டே, ஏன் போட்டே? அந்த நீலத்துக்கு நானே இரண்டு ஊரில் முழு மார்க் போட்டேன். அதை மட்டும் உன்னிடம் சொன்னதில்லை.

போன வாரம் கௌரி வீட்டுக்கு வந்தது. நீ என்னை மச்சான் என்றதால் உன் பெண்சாதிக்கு நான் அண்ணன் ஆகிவிட்டேன் இல்லையா, அந்த உரிமையில் நேராகக் கேட்டது. "அவரு ஏன் பாஸாவலண்ணா? கலரு விஷயத்துல அவரு கண்ணு தப்பாதேன்னு ஊரே சொல்லுமே."

சொல்லிவிட்டேன், ஏகா. ஒன்று விடாமல் சொன்னேன். கௌரி அழவில்லை. கையில் இருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தது.

"எங்கிட்ட சொல்லி இன்னாண்ணா ஆவப்போவுது? அவங்க எல்லாம் சிரிச்சாங்க இல்ல, அவங்ககிட்ட சொல்லு."

அந்தப் பெரியவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அதே நீலத்தை மாதிரிக்குக் கொண்டுவருகிறார். அபூர்வத்துக்கு முழு மார்க் எப்படிப் போடுவது என்று அதை வைத்துத்தான் நான் பாடம் நடத்த வேண்டுமாம். இருபது பேர் அதைக் கற்றுக்கொண்டு போய் ஊர் ஊராக மார்க் போடுவார்கள். நான் வாயை மூடிக்கொண்டால் உன்னை இன்னொரு முறை தள்ளிவிட்டதாகத்தானே அர்த்தம்?

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இந்த வயதில் நாலு பேர் மதிக்கிற ஒரே இடம் எனக்கு அந்த நடுவர் நாற்காலிதான். ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சட்டத்தின் முன்னால் நின்று முதலில் உன் பெயரைச் சொல்வேன். அப்புறம் நீ சொன்னதைச் சொல்வேன். அப்புறம் நான் செய்ததை. கௌரி முன் வரிசையில் உட்காரும். அதன் பிறகும் வகுப்பை எடு என்றால் எடுப்பேன். வெளியே போ என்றால், தங்கச்சியோடு எழுந்து வந்துவிடுவேன்.

உன் வார்த்தையை விழுங்கித் தேறிய
உன் மச்சான்
விஜயராகவன்